ஒரே வேளையில் இரு வாக்குகள்

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை. நமது கிளைக் கிராமம் ஒன்றின் சிற்றாலயத்தில் ஒரு மூதாட்டி, மறைந்த கணவரின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காக ஆறு மணி முதல் எட்டு மணி வரை காத்திருந்தார். ஏலத் தோட்டத்தில் வேலை செய்யும் அவருடைய மக்கள் இருவரும் அன்றைய கூலியை இழந்து உடனிருந்தனர். திருப்பலி நிறைவேற்ற வேண்டிய நாமோ, அந்நேரத்தில் 15 கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு ஊரில் புதுமனை மந்திரிக்கும் சடங்கில் இருந்தோம்.

நடந்தது இதுதான். மூதாட்டி ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது வாய்மொழியாகக் கேட்டார். நாம் சட்டைப்பையிலிருந்த சிறு குறிப்பேட்டில் எழுதினோம். புதுமனை விழாவோ அலுவலகச் சுவரில் தொங்கிய தாள் நாள்காட்டியில் குறிக்கப்பட்டிருந்தது. இரண்டும் நமது கையெழுத்தே. ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அம்மூதாட்டி, "சாமிக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இதைக் கேள்வியுற்ற பங்கு இளைஞர் ஒருவர், அலுவலகக் கணிப்பொறியின் முன் நம்மை அமர்த்தினார். அறிக்கை தட்டச்சு செய்யவும் மின்னஞ்சல் பார்க்கவும் அன்றி அதை நாம் தொட்டதில்லை. மின்னஞ்சலுக்கு நாம் பயன்படுத்தி வந்த தண்டர்பேர்ட் என்னும் இலவசச் செயலியிலேயே ஒரு நாள்காட்டியும் அடங்கியிருந்தது. 2015 முதல் அது அச்செயலியுடன் சேர்ந்தே வருகிறதாம். நம் கண்முன் இருந்ததை நாம் திறந்து பார்க்கவில்லை.

அதன் வேலை எளிது. ஒரு நாளைத் தெரிந்து, நிகழ்ச்சியின் பெயர், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகியவற்றைக் குறித்தால் ஒரு வண்ணக் கட்டம் தோன்றும். திருப்பலிக்கு ஒரு நிறம், திருமணத்திற்கு ஒரு நிறம், கூட்டங்களுக்கு ஒரு நிறம், சொந்த அலுவலுக்கு ஒரு நிறம். ஒரே நேரத்தில் இரண்டைக் குறித்துவிட்டாலோ கட்டங்கள் இரண்டும் ஒடுங்கிப் பக்கத்தில் பக்கமாக நிற்கும். அதைக் காணும் எவரும் தவறமாட்டார். வழிப்பயணத்தையும் கட்டத்திற்குள் சேர்க்க வேண்டும் என்பதை நாம் அனுபவத்தில் கற்றோம். ஆறு மணிப் பூசை என்றால், மலையடிவாரச் சாலையை அறிந்தவர் ஐந்தேகாலுக்கே கட்டத்தைத் தொடங்குவார்.

ஆனால் எந்திரம் கேட்டதைத்தான் செய்யும். மாதத்தின் முதல் வெள்ளி என்று சொன்னால் ஆண்டு முழுவதற்கும் பிழையின்றிக் குறித்துத் தருகிறது. அதே துணிவில் உயிர்ப்புப் பெருவிழாவையும் 'ஆண்டுதோறும்' என்று பதிந்தோம். அப்பெருவிழா மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை முழுநிலவைப் பின்பற்றி அசைவது அன்றோ? 2026-இல் ஏப்ரல் 5. 2027-இல் மார்ச் 28. 46 நாள் முந்தி வரும் திருநீற்றுப் புதனும் உடன் நகரும். இவற்றை ஒவ்வோர் ஆண்டும் கையால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நமது பள்ளத்தாக்கின் நாட்களோ எந்தச் செயலிக்கும் தெரியா. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வழக்கமாக ஜூன் முதல் நாளில் திறக்கப்படும். அணையின் நீர்மட்டம் இடங்கொடாத ஆண்டில் தள்ளிப்போகும். நாற்று நடும் வாரத்தில் பங்குப் பேரவையைக் கூட்டினால் நாற்காலிகளே வரும். பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர் கவாத்து வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதம் எண்ணுகிறார். அறுவடை நாளில் அவரை மணவிழாப் பேச்சுக்கு அழைப்பது வீண். சித்திரைப் பௌர்ணமியன்று கூடலூருக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோவிலுக்கு மக்கள் திரளாக ஏறுவர். அன்று குமுளிச் சாலையில் வண்டி நகராது. இவற்றையெல்லாம் பேரவையினரைக் கேட்டுத் தனியொரு நிறத்தில் பதிந்தோம். அதன் பிறகே அந்த நாள்காட்டி இவ்வூருடையதாயிற்று.

பலரைக் கூட்டும் வசதியும் அதில் உண்டு. நிகழ்ச்சியில் உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்தால் அழைப்பு செல்லும். அவர்கள் வருகிறேன், இயலாது, உறுதியில்லை என்று பதிலளிப்பர். அழைப்பைப் பெறுபவர் அவுட்லுக் போன்ற வேறு செயலி வைத்திருந்தாலும் பெரும்பாலும் இடையூறு இல்லை. காரணம், 1998-இல் இதற்கென ஒரு பொது விதி வகுக்கப்பட்டது. அவ்விதியை எழுதிய இருவருள் ஒருவர் லோட்டஸ் நிறுவனத்தவர், மற்றவர் மைக்ரோசாப்ட் நிறுவனத்தவர். சந்தையில் போட்டியிட்டோர் நாள் குறிப்பதில் உடன்பட்டனர்! நமது பேரவையில் பாதிப்பேருக்கு மின்னஞ்சல் இல்லை என்பது வேறு செய்தி. அவர்களைத் தொலைபேசியில் கேட்டு, பதிலை நாமே பதிகிறோம்.

குவைத்தில் செவிலியாகப் பணிபுரியும் ஒரு மகள், பெற்றோரின் பொன்விழாத் திருப்பலியைக் காணொளியில் காண விழைந்தார். நமக்குக் காலை ஆறு மணி என்றால் அங்கே மூன்றரை. அழைப்பு அவருடைய நாள்காட்டியில் அந்நாட்டு நேரப்படியே சென்று அமர்ந்தது. இதற்குக் கணிப்பொறியின் நேர மண்டலம் 'ஆசியா கொல்கத்தா' என்று இருக்க வேண்டும். வேறொன்றாக இருந்தால் எல்லாக் கட்டங்களும் இடம் மாறி நிற்கும்; புதிதாகத் தொடங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இது.

ஓர் எச்சரிக்கை. அலுவலகத்தில் நாலு பேர் பார்க்கும் நாள்காட்டியில், மனத்தாங்கலோடு நம்மைக் காணவரும் தம்பதியரின் பெயரையும் காரணத்தையும் எழுதுதல் ஆகாது. 'சந்திப்பு' என்னும் ஒரு சொல் போதும். குடும்பத்தார் தம்முள் பகிரும் நாள்காட்டிக்கும் இது பொருந்தும். மருத்துவரிடம் செல்லும் நாளை அறிய வேண்டியவர் வேறு, நோயை அறிய வேண்டியவர் வேறு.

திருப்பலிக் கருத்துக்களுக்கெனத் தனியேடு வைக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 958-ஆம் விதி. ஆகவே பழைய ஏடு மேசையிலேயே இருக்கிறது. மின்வெட்டை எண்ணி, மாதத் தாளை அச்சிட்டுச் சக்கிறிஸ்து அறைக் கதவில் ஒட்டியும் வைக்கிறோம். வழியில் யாரேனும் நாள் கேட்டால், "அலுவலகத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்பதே இப்போது நமது மறுமொழி. சிலர் முகம் சுளிக்கத்தான் செய்கின்றனர்.

இவ்வாண்டு நினைவுநாள் நெருங்கியபோது அம்மூதாட்டியின் வீட்டிற்கு நாமே சென்று, காலை ஆறு மணிக்குக் குறித்திருப்பதாகச் சொன்னோம். அவர் சற்றுத் தயங்கி, "பிள்ளைகளுக்கு ஜீப்பு அஞ்சு மணிக்கே வந்துரும் சாமி. முந்தின நாள் சாயங்காலம் வச்சா ஒரு நாள் கூலி மிஞ்சும்" என்றார். சென்ற ஆண்டு நாம் அதைக் கேட்கவே இல்லை. அலுவலகம் திரும்பியதும் அந்தக் கட்டத்தை முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு நகர்த்தினோம்.