சக்தியும் தருணமும்

இலங்கையின் வடக்கே, நாரந்தனைக்கு அண்மையிலுள்ள எழுவைதீவில் சூரிய ஒளியும் காற்றும் டீசலும் சேர்ந்து மின்சாரம் தருகின்றன. இத்தகைய சிறு மின்தொகுதியை ஆளும் எந்தக் கணினிக்கும், மின்னழுத்தம் பிறழாது காத்தல் கணமும் தவறலாகாத காரியம். அளவீடுகளைப் பதிந்து வைத்தலோ சற்றுத் தாமதிப்பினும் தீங்கில்லாதது.

முக்கியத்துவத்தில் இவ்வாறு ஏற்றத்தாழ்வுள்ள பணிகளை ஒரே கணினியில், குறித்த காலத்துக்குள் முடிப்பது எங்ஙனம்? 2007இல் ஸ்டீவ் வெஸ்டல் என்னும் ஆய்வாளர் இதற்கு அடிப்படை வகுத்தார்: ஒரே பணிக்குச் சாதாரணக் கணிப்பு ஒன்றும், மிகுந்த எச்சரிக்கையோடு கூடிய கணிப்பு ஒன்றுமாக வெவ்வேறு கால அளவுகள் கொள்ளப்படும். முதல் அளவு மீறப்பட்டதும் சாமானியப் பணிகளைக் கைவிட்டுப் பிரதானப் பணிகளைக் காக்கும் முறையைப் பின்வந்தோர் விரிவாக ஆராய்ந்தனர்.

காலத்தோடு சக்தியையும் எண்ண வேண்டும்: செயலியின் இயக்கச் சக்திச்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து ஏறுவதால், வேலை குறைந்த வேளையில் இரண்டையும் தணிப்பது பெருஞ்சேமிப்பே. ஆயினும் மெதுவாக ஓடிய கணினி, முதல் அளவு மீறப்பட்டபின் விரைந்தாலும் காலம் போதாமற் போகலாம். ஆதலால் எவ்வளவு தணிக்கலாம் என்பதை முன்னரே கணிதத்தால் நிரூபித்தாக வேண்டும். காலமும் சக்தியும் ஒருங்கே கணிக்கும் இத்துறையின் மேன்மை அந்த நிரூபணத்திலேயே இருப்பதாக நான் கருதுகிறேன்.

முக்கியமானதை மட்டும் காக்கும் இத்தகைய தேர்வு விண்வெளியிலும் நேர்ந்தது: 2023 செப்டெம்பர் 4இல், சந்திரனின் நீண்ட இரவு நெருங்கியபோது, சந்திரயான்-3இன் விக்ரம் கலத்தில் ஆய்வுக் கருவிகளை நிறுத்தி, செய்தி வாங்கும் கருவியை மட்டும் இயங்க விட்டார்கள் இந்திய விஞ்ஞானிகள். அங்கே மனிதர் செய்த அத்தேர்வை, சிறு மின்தொகுதியில் கணினி நொடியின் சிறு கூறுக்குள் தானே செய்தாக வேண்டும்.