பார்க்க ஒருவர், எழுத ஒருவர், ஒப்பமிட ஒருவர்

அஞ்சறைப் பெட்டியை வீட்டில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அரிசியைப் படி போட்டு அளப்பது ஒருவர் கை. நகைப் பெட்டியின் சாவியோ மாமியாரின் இடுப்பை விட்டு இறங்காது! பெட்டிக்குப் பெட்டி உரிமை வேறு என்பதை நம் சகோதரிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர்காரர்கள் செய்து வைத்திருப்பதும் இதே ஏற்பாடுதான். இன்ன ஏட்டை இன்னார் பார்க்கலாம், இன்னார் எழுதலாம், இன்னார் ஒப்புதல் தரலாம் என்று வகுத்துப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்கள் பட்டணத்தில் குடியிருந்தாலும், ஊரில் உங்கள் பங்குக்கு உள்ள அரைக் காணி நிலம் இந்தப் பூட்டை நம்பித்தான் இருக்கிறது.

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் இருக்கிறது தா.பழூர். நெல் விளையும் பூமி. அங்கே ஓர் அம்மாள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் காலமாகிவிட்டார். பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. அதில் அம்மாளின் பெயரும் பிள்ளைகள் பெயரும் ஏற வேண்டும். யார் ஏற்றுவது?

பழைய நாளில் எல்லாரும் கர்ணத்தைத்தான் கை காட்டுவார்கள். பரம்பரை உத்தியோகம். ஊர்க் கணக்கை எழுதுவதும் காப்பதும் அவரே. அவர் நல்லவராக இருந்தால் ஊருக்கு யோகம். இல்லாவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத பெண் யாரிடம் போய் முறையிடுவாள்? 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பிற்பாடு ஏடுகளும் கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்தன.

இப்போது ஏட்டுக்கு ஏடு கை வேறு. எந்த வயலில் என்ன பயிர் என்று சொல்வது அடங்கல். அது கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பு. வயலின் நீள அகலத்தைக் காட்டுவது புலப்படம். நில அளவையர் வந்து அளக்காமல் அதில் ஒரு கோடு நகராது. பட்டாவில் வாரிசுப் பெயர் ஏறுவதில் இன்னும் கண்டிப்பு. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அறிக்கை தரலாம். உத்தரவு போட முடியாது. நிலம் பிரியாமல் பெயர் மட்டும் மாறினால் மண்டலத் துணை வட்டாட்சியரும், நிலம் துண்டாகப் பிரிந்தால், அளந்த பிறகு, வட்டாட்சியரும் உத்தரவிட வேண்டும். உத்தரவு தவறென்று பட்டால் கோட்டாட்சியரிடம் அப்பீல் உண்டு.

இது ஏதோ நேற்று வந்த புதுமை என்று எண்ண வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரம் இருப்பதும் இதே உடையார்பாளையம் வட்டத்தில்தான். அந்நகரை எழுப்பிய ராஜேந்திரனின் தந்தை முதலாம் ராஜராஜன், நாகப்பட்டினத்துப் புத்த விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார். அந்தச் செப்பேட்டைப் பாருங்கள். அரசர் வாயால் சொன்னதை ஓலையில் எழுதியவர் ஒருவர். அதை ஒப்பு நோக்கியவர்கள் ஓலைநாயகங்கள். வரிப்பொத்தகத்தில் பதிந்தவர்கள் வேறு. சக்கரவர்த்தியின் சொல்லே ஆனாலும் நேரே கணக்கில் ஏறிவிடாது!

ஆனால், பூட்டு எவ்வளவு உயர்ந்ததானாலும் சாவியை இரவல் கொடுத்தால் தீர்ந்தது. உத்தியோகஸ்தர் ஒருவர் தமது பாஸ்வோர்டைப் பிறரிடம் சொல்லிவிட்டால் இரண்டு கை ஒரே கையாகிவிடும். அப்புறம் சரிபார்ப்பது ஏது?

இன்னொரு விஷயம். எழுதியதைக் காப்பதுதான் பூட்டின் வேலை. எழுதாமல் விட்டதை அது கண்டுபிடிக்காது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் மகளுக்கும் பங்கு தந்தது. 2005-இல் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனோடு சம உரிமை கொடுத்தது. ஆனால் சட்டம் வந்ததால் பெயர் தானாக ஏட்டில் ஏறிவிடுமா? வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும்; மனுக் கொடுக்க வேண்டும். "உனக்கு ஏனம்மா இந்த அலைச்சல்?" என்று அண்ணன்மார் அன்பாகச் சொல்லும்போதே மனுவில் தங்கையின் பெயர் விடுபட்டுப் போவதும் உண்டு.

எழுதும் உரிமையும் ஒப்பமிடும் உரிமையும் நமக்கு இல்லைதான். பார்க்கும் உரிமை எல்லாருக்கும் திறந்திருக்கிறது. தமிழ்நாடு அரசின் இ-சேவை நிலப் பதிவேட்டுப் பக்கத்தில், மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டாவும் புலப்படமும் கைபேசியிலேயே வந்து நிற்கும். நகைப் பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து எண்ணிப் பார்க்கும் சகோதரிகள், இதையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்கட்டும். பெயர் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், கேட்க வேண்டியவர் வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் இருக்கிறார். தாமதியாமல் புறப்படுங்கள்!