லாவகம்

வேகம் வேறு, லாவகம் வேறு. வீட்டிலும் பள்ளியிலும் நாம் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிப் பிள்ளைகளை விரட்டுகிறோம். மளமளவென்று எழுதுபவன் கெட்டிக்காரன், நிதானித்து எழுதுபவன் மந்தன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் இம்முடிவு நிலைபெறாது.

லாவகம் என்பதன் பழைய உருவம் லாகவம். 'லகு' என்ற வடசொல்லின் வழிவந்த அதற்குக் கனமின்மை என்பதே பொருள். அஷ்டமா சித்திகளுள் ஒன்றாகிய லகிமாவும் அதன் உடன்பிறப்பு. தமிழ் வழக்கில் ககரமும் வகரமும் இடம் மாறி லாவகம் ஆயிற்று. தசை, சதை என்று வழங்குவது போன்ற மாற்றமே இது.

தமிழுக்கே உரிய சுறுசுறுப்பு என்னும் சொல்லோ வேறு வகையைச் சேர்ந்தது. நெருப்புப் பட்டால் 'சுறுக்'கென்கிறது அல்லவா? அந்தச் சூட்டின் ஒலிக்குறிப்பு அதிலே கேட்கிறது. சுறுசுறுப்பு உள்ளிருந்து உந்தும் ஊக்கம். லாவகமோ அந்த ஊக்கத்தை அளவறிந்து செலவிடும் திறன்.

காரைக்கால்வாசிகளுக்கு இதில் மற்றொரு சுவையும் உண்டு. 1739-இல் இங்கே காலூன்றிய பிரெஞ்சுக்காரர், இடையிடையே ஆங்கிலேயரிடம் ஊரை இழந்தும் மீட்டும், 1954 வரை ஆண்டனர். அவர்கள் மொழியில் லாவகத்துக்கு 'அஜிலித்தே' என்று பெயர். ஓட்டுதல், செய்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து அது பிறந்தது. நாம் அன்றாடம் வழங்கும் 'ஏஜெண்டு' என்ற சொல்லுக்கும் அதுவே தாய். ஆனால் கனமில்லாததைக் குறிக்கும் 'லெஜே' என்ற பிரெஞ்சுச் சொல்லின் லத்தீன் மூலமும், நம் 'லகு'வும் ஒரே ஆதி வேரின் கிளைகள் என்பர் மொழிநூலார்.

லாவகத்தைக் கண்ணாரக் காண வேண்டுமானால், ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்கால் அம்மையாருக்கு நடக்கும் மாங்கனித் திருவிழாவுக்கு வாருங்கள். பிக்ஷாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். முண்டியடித்துப் பாய்கிறவன் கையில் பழம் நசுங்கும், அல்லது நழுவும். அது விழும் போக்கை அறிந்து, கையைப் பழத்தோடு சற்றே தாழ்த்தி ஏந்துகிறவனிடம் முழுக் கனியாய்த் தங்கும்.

பிள்ளைகளின் கல்வியும் அத்தகையதே. "சீக்கிரம், சீக்கிரம்!" என்ற அதட்டல் அவர்கள் நெஞ்சில் பயமென்னும் பாரத்தை ஏற்றுகிறது. பாரம் சுமப்பவனிடம் லாவகம் எப்படி வரும்? பிழை செய்தாலும் அடி விழாது என்ற நம்பிக்கையோடு ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் குழந்தைக்குக் கை தானே பழகும். வேகமும் பின்னால் வந்து சேரும். லாவகம் வேண்டுமென்றால், முதலில் கனத்தை இறக்கி வைப்போம்.