மடை திறக்கக் கிளம்பும் பெரியவர்

பொழுது சாயும் நேரம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பத்து வருடம் ஆகிவிட்ட பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திண்ணையை விட்டு இறங்குகிறார். "வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு, மடையத் தொறக்கணும்" என்கிறார். மருமகள் கையைப் பிடித்தால் உதறுகிறார், அடிக்கக் கை ஓங்குகிறார். அடுத்த தெருவில் ஓர் அம்மாள், தன் சுருக்குப்பையிலிருந்து பணத்தை மகளே எடுத்துவிட்டாள் என்று விடிய விடியப் புலம்புகிறார். மறதி நோய் நுழைந்த தஞ்சை வட்டார வீடுகளுக்கு இந்த இரண்டு காட்சிகளும் புதியவை அல்ல.

"வயசானா அப்படித்தான்" என்பார்கள் சிலர். "காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சுப் பாருங்க" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சுக்கும் நடுவில் வைத்தியம் பார்க்க வேண்டிய மாதங்கள் போய்விடுகின்றன.

மறதி நோய், அதாவது டிமென்ஷியா என்றால் ஞாபக மறதி மட்டும்தான் என்ற எண்ணமே முதல் தவறு. 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் பார்த்த ஆகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் வீட்டார் முதலில் கண்டது, கணவன் மீது அவருக்கு எழுந்த காரணமில்லாத சந்தேகம்தான். அந்த மருத்துவரின் பெயரையே தாங்கிய டிமென்ஷியா வகையின் முதல் நோயாளியிடம், குணமாற்றம் மறதிக்கு முன்னே வந்து நின்றது. சந்தேகம், கோபம், பயம், இல்லாததைக் காண்பது, எதிலும் நாட்டமின்மை, தூக்கம் கெடுவது, ஓயாமல் நடப்பது ஆகிய எல்லாமே மறதி நோயின் அறிகுறிகள். நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் இவற்றில் ஒன்றாவது வரும். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணித்தது. அத்தனை வீடுகளின் பிரச்சினை இது.

இந்த அறிகுறிகளை அளந்து பார்க்க முடியும். 1994இல் மருத்துவர் ஜெஃப்ரி கம்மிங்ஸ் குழுவினர் உருவாக்கிய கேள்வித்தாள் உலகமெங்கும் புழங்குகிறது. இப்போது அதில் 12 தலைப்புகள். ஒவ்வொன்றும் எத்தனை தடவை வருகிறது என்பதற்கு 4 வரை, எவ்வளவு கடுமை என்பதற்கு 3 வரை மதிப்பெண். இரண்டையும் பெருக்குவார்கள். கவனித்துக்கொள்பவர் அதனால் எவ்வளவு நொந்துபோகிறார் என்பதையும் தனியே கேட்டு எழுதுவார்கள். மருமகளின் அலுப்பையும் கணக்கில் எடுக்கும் கேள்வித்தாள் அது! பள்ளிக்கூடமே போகாத பாட்டியிடம் "நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி" என்று கேட்டு மூளையைச் சோதிப்பது நியாயமாகாது. இங்கே கேள்வி உடன் இருப்பவரிடம் போகிறது. பதில் சொல்லப் படிப்பு தேவையில்லை.

மனச்சோர்வுக்குத் தனி அளவுகோல் உண்டு. 1988இல் வந்த கார்னெல் அளவுகோலில் 19 கேள்விகள். நோயாளியையும் பார்ப்பார்கள், வீட்டாரையும் கேட்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் மனம் உடைந்தவர் அல்ல. நாட்டம் போனவருக்குத் துக்கம் தெரியாது. மனச்சோர்வு உள்ளவர் அழுவார், "நான் ஏன் இருக்கணும்" என்பார். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. நேற்றுவரை ஓரளவு இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், பிதற்றினால், அரை மயக்கமாகக் கிடந்தால், மறதி நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்வற்றல், உப்பு அல்லது சர்க்கரை குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று காரணம் வேறாக இருக்கலாம். சளிக்குக் கடையில் வாங்கும் தூக்கம் வரும் மாத்திரையே போதும், முதியவர் மூளையைக் கலங்கடிக்க. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்ற நாட்களில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்ன செய்தார், எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு வீட்டார் என்ன செய்தார்கள் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். குளிக்கக் கூப்பிட்டால் அடிக்கிறார் என்றால், தண்ணீர் சில்லென்று இருக்கிறதா, முழங்கால் வலியா, மருமகள் முன் துணி களையக் கூச்சமா என்று அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். மடை திறக்கக் கிளம்புபவரிடம் "நிலம்தான் குத்தகைக்குப் போயிருச்சே?" என்று வாதாடினால் சண்டைதான் மிஞ்சும். "வாங்க மாமா, பார்த்துட்டு வருவோம்" என்று தெருமுனைவரை கூடவே நடந்து திரும்பினால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்.

ஆனால் அவரைத் தனியே விடக்கூடாது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் ஜனவரி கடைசிவரை வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் கிளை வாய்க்கால்களும் தண்ணீரோடு கிடக்கும். சட்டைப் பையில் பெயரும் செல்போன் எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும். டீக்கடைக்காரருக்கும் சொல்லி வையுங்கள். காணவில்லை என்றால் ஒரு நாள் பொறுக்க வேண்டியதில்லை, உடனே அவசர உதவி எண் 112க்குக் கூப்பிடுங்கள்.

"தூங்க ஒரு மாத்திரை கொடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மாத்திரை கொடுத்தால் மரண ஆபத்து ஏறக்குறைய 1.6 மடங்காகக் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. இல்லாத குழந்தைகளையும் விலங்குகளையும் தெளிவாகக் காணும் லூயி பாடி வகை நோயாளிக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மாத்திரைகள் உடலை விறைக்க வைத்து உயிருக்கே உலை வைக்கும். தவிர்க்க முடியாதபோது குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். எதற்காக, எத்தனை நாளுக்கு என்று கேட்பது வீட்டாரின் உரிமை.

கட்டிப்போடுவது குற்றம். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய கொடுமையைத் தமிழ்நாடு மறக்கலாகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நினைவு, திசை அறிவு ஆகியவற்றின் கடும் கோளாறையும் மனநோய் என்றே சொல்கிறது. ஆகவே அதன் பாதுகாப்பு மறதி நோயாளிக்கும் உண்டு. எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவு தடுக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறும் உரிமையும், தனக்காகப் பேச ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கின்றன.

சொத்து விஷயத்தில் காலம் கடத்துவதே பெரிய ஆபத்து. ஒருவர் சித்தசுவாதீனம் இழந்தால் அவர் எழுதிக்கொடுத்த பொது அதிகாரப் பத்திரம் சட்டப்படி முடிந்துபோகும். புத்தி தெளிவாக இருக்கும் தொடக்க நாட்களிலேயே உயில் எழுதிவிட வேண்டும். செட்டில்மெண்ட் எழுதினால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். மீறினால் 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கோரலாம். தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை கோட்டாட்சியர் அலுவலகங்களில் மனு கொடுக்கலாம்.

இரண்டு வாரம் எழுதிய நோட்டோடும் சாப்பிடுகிற மாத்திரைகள் அத்தனையோடும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். முதியோர் உதவி எண் 14567. பெரியவர் விழித்துக்கொண்டு வாசல் கதவைத் தட்டும் நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.