அலங்காநல்லூரில் கேமராவுடன்

வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நம் அன்பர்கள் சிலர் ஜல்லிக்கட்டைப் படம் எடுக்க விரும்பலாம். அவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2015, 2016 பொங்கலுக்கு வாடிவாசல் திறக்கவில்லை. 2017 ஜனவரிப் போராட்டத்தை அடுத்துத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. பிப்ரவரி 10-இல் அலங்காநல்லூரில் காளைகள் மீண்டும் களமிறங்கின. அச்சட்டம் செல்லும் என 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2017-இல் நான் புறப்பட்டபோது, காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், "மாட்டுக்கு வலிக்காதாப்பா?" என்று கேட்டாள். "நீயே வந்து பாரும்மா" என்று அழைத்துப் போனேன்.

மதுரையிலிருந்து சுமார் 15 கி.மீ. தூரத்தில் உள்ள சிறிய பேரூராட்சி அது. விடியுமுன்பே போனால்தான் பார்வையாளர் மேடையில் இடம் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸ் போதும். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். காளை பாய்ந்த பிறகு ஃபோகஸ் செய்ய நேரமிராது. வாடிவாசலில் முன்பே செய்துவையுங்கள். முதலில் வரும் கோயில் காளையை யாரும் பிடிப்பதில்லை. அதைப் படமெடுத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். திமிலை மட்டுமே பிடிக்கலாம், வாலையோ கொம்பையோ தொடக்கூடாது என்பது விதி. ஆகவே உங்கள் கண் திமில்மீது இருக்கட்டும். தரையில் பரப்பிய தென்னைநார்த் தூள் பறக்கும். அங்கே லென்ஸைக் கழற்றாதீர்கள். படத்துக்காகத் தடுப்பைத் தாண்டவே கூடாது. உயிர்ப்பலிகள் நேர்ந்திருக்கின்றன.

முன்னூறு படங்கள் எடுத்தேன். எல்லாம் பத்திரிகைகளில் பார்த்தவை போலவே இருந்தன.

மாலையில் ஊர் எல்லையில், பிடிபட்டுத் தோற்ற தன் காளைக்கு ஓர் அம்மாள் வாளியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "தடை வந்தப்ப எல்லாரும் வித்துடச் சொன்னாக. பிள்ளைய விப்பாகளா?" என்றார். மகள் என் கையிலிருந்த கேமராவை வாங்கி ஒரே ஒரு படம் எடுத்தாள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். காளையின் விலாவில் ஒரு சிராய்ப்பும் அதில் தெரிகிறது. அதை மறைத்துப் பிரதி எடுக்கக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். அவள் கேள்விக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை.

ஆகவே அன்பர்களே, வாடிவாசலோடு திரும்பிவிடாதீர்கள். காளை வீடு திரும்பும் வழியிலும் சற்று நில்லுங்கள்.