அசதியா..? வயசு மேல பழி போடாதீங்க!

ராத்திரி நன்றாகத் தூங்கியும் காலையில் எழுந்திருக்கும்போதே கை, கால் கனக்கிறது. நாலு படி ஏறினால் படபடப்பு. தலைவாரும்போது கையைத் தூக்கி வைத்திருக்கக்கூட முடியவில்லை. "நாப்பது தாண்டியாச்சுல்ல... இனிமே இப்படித்தான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நீங்களும் தலையாட்டி விடுகிறீர்கள்.

அது சரியில்லை! வாரக்கணக்கில், ஓய்வெடுத்தும் தீராத அசதிக்கு வயது மட்டும் காரணமாக இருக்காது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தசோகையை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று அர்த்தம்.

"எனக்குப் பன்னிரண்டரை இருக்கே, அப்புறம் ஏன் அசதி?" என்று கேட்கலாம். பானையில் அரிசி தீர்ந்துபோய், இன்றைக்கு வடித்த சோறு மட்டும் மிச்சமிருக்கிற நிலைமை அது. உடம்பில் இரும்புச்சத்தின் கையிருப்பு காலி. ஹீமோகுளோபின் மட்டும் இன்னும் இறங்கவில்லை. 'ஃபெரிட்டின்' என்ற ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, இரும்பு எங்கே போகிறது? நம் பெண்கள் டாக்டரிடம் சொல்லாமல் மறைக்கிற விஷயமே இதுதான். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் கருமுட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளியாவதில்லை. ஹார்மோன் தாறுமாறாகி, உதிரப்போக்கு அதிகமாகலாம். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருந்தாலும் இப்படி ஆகும். "நிக்கப் போற நேரம், அப்படித்தான் கொட்டும்" என்று பொறுத்துக்கொள்வார்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, கட்டிகட்டியாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது எல்லாமே வைத்தியம் தேவைப்படுகிற போக்குதான். அதைக் கவனிக்காமல் டானிக் குடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை! டாக்டரிடம் போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ என்றும் பயப்பட வேண்டாம். மாத்திரையிலும் ஹார்மோன் லூப்பிலும் பலருக்குக் கட்டுப்படுகிறது. ஆனால், மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால், அது ஒரு சொட்டானாலும் உடனே காட்டியாக வேண்டும்.

மூலம், குடல்புண்ணாலும் ரத்தம் கசியலாம்.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை! முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, ஈரல் சாப்பிடுங்கள். சைவ உணவென்றால் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். டாக்டர் தரும் இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போல சாப்பிட வேண்டியிருக்கும்.

அசதியோடு எடை கூடுகிறது, மலச்சிக்கல், குளிர் தாங்கவில்லை என்றால் தைராய்டைப் பார்க்க வேண்டும். டி.எஸ்.ஹெச். பரிசோதனை போதும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவரா? வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள்? இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை சரியாக வேலை செய்யாது.

சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சுத்த சைவக்காரர்களுக்கும்தான். பலத்த குறட்டை, ராத்திரி திடீர் வியர்வை, எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு இவையெல்லாம்கூட ஆளை அசத்திப் போடும். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது. இதுவரை இல்லாத கடும் அசதி திடீரென்று வந்து, மூச்சுத்திணறல், நெஞ்சு, தாடை, முதுகில் அழுத்தம், வியர்வை என்று ஏதாவது சேர்ந்தால் மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்குச் சில சமயம் நெஞ்சுவலி இல்லாமலே வருகிறது. 'கேஸ்' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே 108க்கு போன் போடுங்கள்.