கைபேசி போனாலும் ஊர்த் தொடர்பு அறுந்துபோகக் கூடாது

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்குத் தூரம் புதிதல்ல. முன்பு மூதூரிலிருந்து நகரத்துக்கு வருவதென்றால் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடக்க வேண்டியிருந்தது. கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009 ஒக்டோபரில்தான். அதுவரை பாதையில் ஏறித்தான் அக்கரை சேர வேண்டியிருந்தது. நகரத்துக்குப் போய்வருவதே ஒரு நாள் வேலையாக இருந்த இந்த ஊர்களிலிருந்துதான் பெருந்தொகையானோர் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் டுபாய்க்கும் வேலைக்குப் போனார்கள். இன்றும் போகிறார்கள்.

அன்று அவர்களை வீட்டோடு இணைத்தது வான்கடிதம். நீல நிறத் தாளில் எழுதி, மடித்து ஒட்டி அனுப்பினால் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். எழுதப் படிக்க இயலாதவர்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்துவிட்டார்கள். பிறகு தொடர்பாடல் நிலையங்கள் வந்தன. குறித்த நேரத்துக்கு அங்கே போய்க் காத்திருந்தால் வெளிநாட்டு அழைப்பு வரும்.

இன்று வட்ஸ்அப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பேசலாம். ஆனால் அந்த வசதிக்குள் ஒரு ஆபத்தும் இருக்கிறது. முன்பு கடிதம், ஒலிநாடா, ஊர்க்காரர், தொலைபேசி என்று பல இழைகளில் இருந்த தொடர்பு இப்போது ஒரே கைபேசியில் தொங்குகிறது. அது உடைந்தாலோ, தொலைந்தாலோ, வேலை கொடுத்தவர் வாங்கி வைத்துக்கொண்டாலோ எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்துவிடுகின்றன.

அந்த அறுபடல் எவ்வளவு பாரதூரமானது என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த றிசானா நபீக் 2005 இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போனபோது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. போன சில வாரங்களிலேயே அந்த வீட்டுக் குழந்தையின் மரணம் தொடர்பாகக் கைதானார். அவருடைய வாக்குமூலம் பதியப்பட்டபோது தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை என்பது அந்த வழக்கு நெடுகிலும் எழுப்பப்பட்ட கேள்வி. 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு தொலைபேசி அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வெளிநாட்டில் இருப்பவர் எங்கே இருக்கிறார், யாரை அழைப்பார், அவருடைய மொழியில் அவருக்காகப் பேச யார் வருவார் என்ற கேள்விகளைப் புறப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும் என்பதை அந்தப் பெயர் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

முதலில் இலக்கம்

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு அழைக்கும்போது முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு 94 சேர்க்க வேண்டும். திருகோணமலை வீட்டுத் தொலைபேசியின் 026 என்பது 0094 26 ஆகும். கைபேசியின் 077 என்பது 0094 77 ஆகும். கைபேசியில் 00 க்குப் பதில் கூட்டல் குறி போடலாம். அப்படிப் பதிந்துவைத்த இலக்கம் எந்த நாட்டில் நின்று அழுத்தினாலும் வேலை செய்யும்.

பதிந்துவைத்தால் மட்டும் போதாது. வீட்டிலுள்ள ஒருவரின் இலக்கமாவது மனப்பாடமாக இருக்க வேண்டும். இப்போது தாயின் இலக்கத்தைக்கூட நாம் பெயரைத் தொட்டுத்தான் அழைக்கிறோம். கைபேசி இல்லாத வேளையில் இன்னொருவரின் கைபேசியை ஒரு நிமிடம் இரவல் வாங்க முடிந்தால், அந்த நிமிடத்தில் உதவுவது மனதிலுள்ள இலக்கம் மட்டுமே. அதே இலக்கத்தைத் துணியில் எழுதி உடைக்குள் தைத்துக்கொண்டாலும் தவறில்லை.

சிம் யாருடைய பெயரில்?

வளைகுடா நாடுகளில் சிம் அட்டை வதிவிட அடையாள அட்டையோடு இணைத்தே பதியப்படுகிறது. சவூதியில் 2016 முதல் கைவிரல் அடையாளமும் கேட்கிறார்கள். வேலை கொடுத்தவரோ முகவரோ தன் பெயரில் சிம் எடுத்துக் கொடுத்தால், சட்டப்படி அந்த இலக்கம் உங்களுடையது அல்ல. அவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். வதிவிட அட்டை கைக்கு வந்ததும் சொந்தப் பெயரில் ஒரு சிம் எடுத்துக்கொள்வது நல்லது.

இலங்கைச் சிம்மையும் தூக்கி எறியாதீர்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் அதற்குத்தான் வரும். புறப்படும் முன்பே ரோமிங் வசதியைத் திறந்து, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பணம் நிரப்ப வேண்டும் என்று கேட்டுவையுங்கள். நீண்ட காலம் பயன்படுத்தாத இலக்கத்தை நிறுவனம் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்போது உங்கள் வட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் குறியீடும் அந்தப் புதியவருக்கே போகும். வட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றைப் போட்டுவைத்தால் அந்த ஆபத்து குறையும். 120 நாட்கள் பயன்படுத்தாத வட்ஸ்அப் கணக்கு நீக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம். ஆனால் குரல், காணொளி அழைப்புகள் அங்கே தடுக்கப்பட்டுள்ளன. அங்கு அனுமதிக்கப்பட்ட செயலிகள் வேறு. டுபாய்க்குப் போன பிள்ளை அழைக்கவில்லையே என்று பதறும் முன் இதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

நேர வேறுபாடும் அப்படித்தான். சவூதி, குவைத், கட்டார் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஐக்கிய அரபு இராச்சியமும் ஓமானும் ஒன்றரை மணி நேரம் பின்னால். வாரத்தில் ஒரு நாளும் ஒரு நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை அந்த அழைப்பு தவறினால் வீட்டார் தேடத் தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

தேடுவது எங்கே?

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உடனடி அழைப்பு எண் 1989. இதைப் பலரும் அறிவார்கள். ஆனால் இத்தகைய குறுகிய எண்கள் நாட்டுக்குள் பயன்படுத்துவதற்கானவை. ரியாத்திலிருந்து 1989 ஐ அழுத்தினால் பணியகம் கிடைக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. ஆகவே 1989 வீட்டாருக்கான எண். வெளிநாட்டில் இருப்பவருக்குத் தேவை அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் முழு எண்ணும், அதன் தொழிலாளர் நலப் பிரிவின் எண்ணும். சவூதியில் ரியாத்தில் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் உள்ளன. சவூதி, குவைத், கட்டாரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. வெள்ளிக்கிழமை அழைத்துவிட்டு யாரும் எடுக்கவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள்.

முறையிடும்போது கேட்கப்படுவது பெரும்பாலும் இவைதான்: கடவுச்சீட்டு எண், விசா எண், வேலை கொடுத்தவரின் முழுப் பெயர், அவருடைய தொலைபேசி, வீட்டு முகவரி, அனுப்பிய முகவர் நிலையத்தின் பெயர், ஒப்பந்தப் பிரதி. இவற்றின் பிரதிகள் வீட்டிலே, தாளில், ஒரு உறைக்குள் இருக்க வேண்டும். போனவரின் கைபேசிக்குள் மட்டும் இருந்தால் கைபேசியோடு சேர்ந்து அவையும் போய்விடும். வீட்டுப் பணியாளர் தம் கடவுச்சீட்டையும் அடையாள ஆவணங்களையும் தம்மிடமே வைத்திருக்க உரிமை உள்ளவர் என்று 2011 இல் நிறைவேறிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189 ஆவது சமவாயம் சொல்கிறது. நடைமுறை பல இடங்களில் வேறாக இருப்பதால்தான் பிரதி அவசியமாகிறது.

தபால் இன்னும் சாகவில்லை

கைபேசி இல்லாதவருக்கும், சிறையில் இருப்பவருக்கும், மருத்துவமனையில் நீண்ட நாள் கிடப்பவருக்கும் கடிதம்தான் வழி. ஆனால் வளைகுடாவில் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே பெரும்பாலும் தபால் பெட்டி எண்ணுக்கே கடிதம் போகும். அந்த எண் வேலை கொடுத்தவருடையதாகவோ நிறுவனத்தினுடையதாகவோ இருக்கும். போய்ச் சேர்ந்ததும் அதைக் கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கிருந்து ஊருக்கு எழுதுபவர் ஊர்ப் பெயருடன் திருகோணமலை என்றும், கடைசி வரியில் ஆங்கிலத்தில் நாட்டின் பெயரையும் எழுத வேண்டும். நகரத்தின் அஞ்சல் குறியீடு 31000. மற்ற ஊர்களுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு.

முக்கியமான கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டில் 13 எழுத்தும் இலக்கமும் கொண்ட குறியீடு ஒன்று இருக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், முடிவில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். பதிவுத் தபால் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும். விரைவுத் தபால் ‘ஈ’ எழுத்தில் தொடங்கும். இலங்கையிலிருந்து போனால் ‘எல்கே’ என முடியும். இந்த அமைப்பு உலகத் தபால் ஒன்றியத்தின் நாடுகளுக்குப் பொதுவானது. எனவே அங்குள்ள தபால் துறையின் இணையத்தளத்திலும் அதே எண்ணைக் கொடுத்துத் தேடலாம். பற்றுச்சீட்டைத் தொலைத்தவருக்குத் தொலைந்த கடிதத்தைப் பற்றி முறையிடவும் வழியில்லை.

கூரியரும் பொதியும்

சில ஆவணங்களுக்குப் படம் போதாது. காணி விற்கவோ வழக்குப் பேசவோ ஊரிலுள்ளவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவத்தைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு மூலப் பிரதியாகவே அனுப்ப வேண்டும். வட்ஸ்அப்பில் வந்த படத்தை எந்தக் காணிப் பதிவகமும் ஏற்காது. இதற்குக் கூரியர் பொருத்தம். கட்டணம் தபாலைவிட அதிகம், ஆனால் நாட்கணக்கில் சேரும். பெறுபவரின் தொலைபேசி எண் எழுதியிருக்க வேண்டும். அந்த எண் வேலை செய்யாவிட்டால் பொதி அலுவலகத்திலேயே கிடக்கும். இங்கிருந்து அனுப்பும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்தக் கொழும்புக்கே போக வேண்டியதில்லை. வெளிவிவகார அமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் திருகோணமலையிலும் உள்ளது.

சாதாரணக் கடித உறைக்குள் பணம் வைக்காதீர்கள். ஊரிலிருந்து பொதி அனுப்பும் தாய்மார் மசாலாத் தூளில் கசகசா சேர்க்காதீர்கள். சவூதியிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். வலி மாத்திரைகளிலும் சில அங்கே போதைப்பொருளாகக் கருதப்படும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் எந்த மருந்தையும் அனுப்ப வேண்டாம். “இதை மட்டும் கொண்டுபோய்க் கொடு மகள்” என்று வேறொருவர் நீட்டும் மூடிய பொதியை, அவர் எவ்வளவு தெரிந்தவரானாலும், திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து உங்களுக்குப் பரிசுப் பொதி வந்திருக்கிறது, சுங்கத் தீர்வையை இந்தக் கணக்கில் வைப்பிலிடுங்கள் என்று ஓர் அழைப்பு வந்தால் அது மோசடி. சுங்கத் தீர்வை தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போவதில்லை. அனுப்பியவரிடம் அந்தப் பதின்மூன்று எழுத்துக் குறியீட்டையோ கூரியர் எண்ணையோ கேளுங்கள். அது இல்லாவிட்டால் பொதியும் இல்லை.

விமான நிலையத்துக்கு வாகனம் ஏறும் முந்தைய இரவு, பயணப் பையின் நிறையைப் பார்க்கும் நேரத்தில் ஒரு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். போகிறவர் வீட்டு இலக்கத்தைப் பார்க்காமல் ஒருமுறை சொல்லிக்காட்டட்டும். பிரதிகள் அடங்கிய உறை எந்த அலுமாரியில் இருக்கிறது என்று வீட்டிலுள்ள இரண்டு பேருக்காவது தெரியட்டும். அழைக்கும் நாளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். இதற்குச் செலவாகும் பணம் எதுவுமில்லை.